இல்லத்துக்குத் திருநாமம் இடலாமோ?



ஸ்ரீ ஸுந்தரவரதனின் உத்ஸவத்துக்காக உத்திரமேரூரில் பேருந்தை விட்டிறங்கிக் கோயிலை நோக்கி நடந்து வருகையில் இருமருங்கும் புதிதாக எழும்பியுள்ள வீடுகளை அன்பர்கள் கண்டிருக்கக்கூடும். வாயில் தூண்களில் கருங்கல் பதித்துப் பொன்னிற எழுத்துகளில் ஒன்றில் ‘லக்ஷ்மி நிலயம்’ என்றும், மற்றொன்றில் ‘ஸ்ரீநிவாஸ்’ என்றும், வேறொன்றில் ‘அன்னை இல்லம்’ என்றும் பொறித்திருக்கிறார்கள். சில வீடுகளிலோ கதவிலக்கம் ஒன்றே உண்டு. புதிதாகக் கட்டிய இல்லத்துக்குப் பெயரிடுவது தகுமா, தகாதா? இது சிறிய விஷயம் என்றே அடியேனும் நெடுநாள் எண்ணியிருந்தேன். அவ்வாறன்று என்பதை உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று அடியேனுடைய குடும்பத்திலேயே நேர்ந்தது.

இவ்வூருக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தில் அடியேனுடைய தமக்கையாரின் புதல்வன், பழைய ஓட்டு வீட்டை எடுத்துவிட்டு, வங்கியில் கடன் பெற்று மாடி வீடு கட்டினான். பழைய வீட்டுக்கு இருபுறமும் திண்ணை உண்டு. திண்ணையைக் கடந்தால் ரேழி. அதன் பின் கூடமும் முற்றமும். உத்ஸவ காலங்களில் நடந்து வரும் யாத்ரிகர்கள் கேளாமலே அத்திண்ணையில் அமர்வார்கள். மழை வந்தால் ரேழிக்குள் படுப்பார்கள். ஒரு சொம்பு தீர்த்தமும் ஒரு பிடி ததியன்னமும் அவர்களுக்கு என்றும் உண்டு. அந்த வீட்டுக்குப் பெயர்ப்பலகை இருந்ததில்லை. ஆயினும் ‘திண்ணை வீடு’ என்றால் சுற்றுவட்டாரத்தில் அறியாதார் இல்லை. புதிய வீட்டுக்கோ உயர்ந்த சுற்றுச்சுவரும் இரும்புக் கதவும் உண்டு. திண்ணையும் இல்லை, ரேழியும் இல்லை. பெயர் பொறிப்பதற்கென்று வாயில் தூணில் மெருகேற்றிய கல் மட்டும் வெறுமையாக இருந்தது.

க்ருஹப்ரவேசத்துக்கு முன்தினம் அவன் அடியேனை அழைத்து, “மாமா, இந்தக் கல்லில் எழுத நல்ல பெயராக ஒன்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்” என்றான். அடியேன் சற்றும் யோசியாமல் ‘வரத நிலயம்’ என்றேன். அருகில் புஷ்பம் தொடுத்துக்கொண்டிருந்த தமக்கையார் தலை நிமிராமலே, “பேர் இருக்கட்டும்டா. உத்ஸவத்துக்கு வரவாள்ளாம் இந்த வருஷம் எங்கே உட்காருவா?” என்றார். மாமனும் மருமானும் வாயடைத்து நின்றோம். கல் வெறுமையாகவே இருக்க, மறுநாள் க்ருஹப்ரவேசம் நடந்தேறியது. அன்று விடை சொல்ல இயலாத அக்கேள்வியைப் பற்றிப் பின்னர் எண்ணியவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில், பெயரிடலாம் என்பார் கட்சியைக் காண்போம். அதற்கு நம் ஸம்ப்ரதாயத்திலேயே வலுவான ஆதாரம் உண்டு. பெரியாழ்வார் தம் திருமொழியின் நான்காம் பத்து ஆறாம் திருமொழியில், பொருளாசையால் பிள்ளைகளுக்கு மனிதர் பெயரை இடுவோரை இடித்துரைத்து, எம்பெருமானுடைய திருநாமத்தையே இடுங்கள் என்று உபதேசிக்கிறார். ஸ்ரீமத் பாகவதத்தின் ஆறாம் ஸ்கந்தத்தில் வரும் அஜாமிளன் கதையும் அன்பர்கள் அறிந்ததே. மரண காலத்தில் அவன் அழைத்தது தன் மகனையே. எனினும் அம்மகனுக்கு நாராயணன் என்று பெயர் இருந்தமையால் விஷ்ணுதூதர்கள் வந்து அவனைக் காத்தனர். எந்த வியாஜத்தினாலாவது திருநாமம் நாவில் வந்தால் போதும் என்பதன்றோ இதன் உட்பொருள்? அவ்வாறாயின், தபால்காரரும் பால்காரரும் வழிப்போக்கரும் படிக்கும்படி வாயிலில் திருநாமத்தை எழுதி வைப்பது நன்றே ஆகும்.

ஆயினும் இங்கு ஒரு வேற்றுமையைக் கவனிக்க வேண்டும். பிள்ளையின் பெயர் அழைப்பதற்காக ஏற்பட்டது. தாய் அதை நாளொன்றுக்கு நூறு முறை அன்போடும், கோபத்தோடும், கவலையோடும் சொல்லுகிறாள். வீட்டின் பெயரை யாரும் அழைப்பதில்லை. எழுதிய அன்று பெருமையோடு பார்ப்போம். மறு மாதம் அது நம் கண்ணிலேயே படாது. தமிழில் முகவரியை ‘விலாசம்’ என்றே வழங்கி வந்திருக்கிறோம். வீட்டுக்கு ‘க்ருஷ்ண விலாஸ்’ என்று பெயரிட்டால், அது விரைவில் கடிதம் வந்து சேருவதற்கான விலாசமாக மட்டும் நின்றுவிடக்கூடும்.

மற்றொன்றும் உண்டு. ஸ்ரீவைஷ்ணவர்களின் பேச்சு வழக்கில் பிறருடைய இல்லம் ‘திருமாளிகை’; தன்னுடையது எத்தனை பெரியதாயினும் ‘அடியேன் குடிசை’. இது வெறும் உபசார வார்த்தையன்று. உடையவன் எம்பெருமான், நாம் அவன் உடைமை என்னும் ஸித்தாந்தமே பேச்சில் இவ்வாறு வெளிப்படுகிறது. தன் குடிசைக்குத் தானே பெரும் பெயரைப் பொன்னெழுத்தில் பொறிப்பவன் இவ்விநயத்தை ஒரு கணமாவது மறக்கிறான் அன்றோ?

மேலும், பெயர் செங்கல்லோடு ஒட்டிக்கொள்வதும் இல்லை. இன்று பிரயாக்ராஜ் எனப்படும் அலகாபாத்தில் மோதிலால் நேரு ‘ஆனந்த பவன்’ என்னும் மாளிகையில் வாழ்ந்தார். 1930-ஆம் ஆண்டில் அதைத் தேசத்தின் பணிக்காகக் காங்கிரஸுக்கு அளித்தார். அது ‘ஸ்வராஜ் பவன்’ ஆயிற்று. பழைய பெயரோ அருகில் எழுந்த புதிய வீட்டுக்குச் சென்றது. ஒரே கட்டடம், இரு பெயர்கள். ஒரே பெயர், இரு கட்டடங்கள். அங்கு புதுப் பெயர் பொருத்தமாயிற்று என்றால், வீட்டையே கொடுத்த கொடைக்குப் பின் அப்பெயர் வந்தது என்பதே காரணம்.

இவ்வூரின் வரலாறும் இதையே கூறும். சோழர் காலத்தில் இராஜேந்திர சோழச் சதுர்வேதிமங்கலம் என்றும், பின்னர் விஜயகண்டகோபாலச் சதுர்வேதிமங்கலம் என்றும் அரசர் பெயரால் இவ்வூர் அழைக்கப்பட்டது. அப்பெயர்கள் கல்வெட்டுகளில் உறங்குகின்றன. மக்கள் நாவில் நின்றது உத்திரமேரூர் ஒன்றே.

கல்வெட்டு என்றதும், பேருந்து நிலையத்துக்கு அண்மையில் உள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபம் நினைவுக்கு வரும். அதன் சுவர்களில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், கி.பி. 919 மற்றும் 921-ஆம் ஆண்டுகளுக்குரிய கல்வெட்டுகளில், குடவோலை முறை பொறிக்கப்பட்டிருக்கிறது. 2020 டிசம்பர் 10-ஆம் நாள் தில்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோதும் இக்கல்வெட்டு நினைவுகூரப்பட்டது. தேர்தலுக்காகவே எல்லோரும் அதைப் போற்றுகிறார்கள். அடியேன் வீட்டின் பொருட்டு அதைப் பார்க்கிறேன். 921-ஆம் ஆண்டின் விதிப்படி, வாரியத்துக்கு ஒருவன் பெயர் ஓலையில் எழுதப்பட வேண்டுமாயின், வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் கட்டிய இல்லமும், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயதும், வேத ஞானமும் வேண்டும். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனுடைய பெயரோ, அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரோ எழுதப்படலாகாது.

இதை ஊன்றி நோக்குவோம். வீடு இருந்தால்தான் பெயர் ஓலையில் ஏறும். ஆனால் வீடு இருந்த மாத்திரத்தாலே ஏறிவிடாது. கணக்குக் காட்டியிருக்க வேண்டும். ஊரார் முன்னிலையில் ஒருவன் பெயரை எழுதுவது அவனுக்குச் செய்யும் அலங்காரமன்று. அவனிடம் ஒப்படைக்கும் பொறுப்பு. இல்லத்தைக் குறிக்க அக்கல்வெட்டு ஆளும் சொல் ‘அகம்’ என்பது. நம் வீடுகளில் ‘ஆத்துக்குப் போகிறேன்’ என்று சொல்லும்போது அச்சொல்லே ஒலிக்கிறது. அகம் என்றால் நெஞ்சும் ஆகும். வாயிற்கல்லில் நாமே எழுதிக்கொள்ளும் பெயருக்கு ஸபையும் இல்லை, தணிக்கையும் இல்லை. நண்பகலில் தாகத்தோடு வந்து அப்பெயரைப் படிக்கும் யாத்ரிகர் ஒருவரே அதற்குக் கணக்குக் கேட்பவர். ‘வரத நிலயம்’ என்று படிக்கிறார். வரதன் என்றால் வேண்டிய வரத்தைத் தருபவன். அவர் வேண்டுவது ஒரு சொம்பு ஜலமே. கதவு பூட்டியிருந்தால், அப்பெயர் அங்கே பொய் சொல்லுகிறது.

எம்பெருமானார் சரித்திரத்திலும் இதற்கு ஒரு ஸாக்ஷி உண்டு. அஷ்டஸஹஸ்ர கிராமத்தில் அவருக்குச் சிஷ்யர் இருவர் இருந்தனர். செல்வரான யஜ்ஞேசர், ஆசார்யர் எழுந்தருளப் போகிறார் என்ற களிப்பில் ஏற்பாடுகளில் மூழ்கி, செய்தி கொண்டு வந்த பாகவதர்களின் களைப்பைக் கவனியாது விட்டார். எம்பெருமானார் அம்மாளிகையைத் தவிர்த்து, ஏழையான வரதாசார்யருடைய குடிசைக்கு எழுந்தருளினார். அவருடைய தேவிகளைப் பருத்திக்கொல்லை அம்மாள் என்று இன்றும் கொண்டாடுகிறோம். அக்குடிசையின் வாயிலில் யார் எந்தப் பெயரைப் பொறித்தார்கள்?

இதனினும் அரியதோர் உதாரணம் திருக்கோவலூர் இடைகழி. மழை பெய்யும் இருண்ட இரவில் பொய்கையாழ்வாரும், பூதத்தாழ்வாரும், பேயாழ்வாரும் ஒருவர் பின் ஒருவராக அங்கு ஒதுங்கினார்கள். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று ஒருவருக்கொருவர் இடம் கொடுத்தனர். இடமே இல்லாத அவ்விடத்தில் நான்காமவனாக எம்பெருமான் புகுந்து நெருக்கினான். திருவந்தாதிகள் மூன்று பிறந்தன. அந்த இடைகழிக்குப் பெயர்ப்பலகை ஏது? ஆனால் எம்பெருமானோ அதன் பெயரைத் தான் ஏற்றுக்கொண்டான். தேஹளி என்றால் இடைகழி, அவன் தேஹளீசன். ஸ்வாமி தேசிகன் அத்திருநாமத்தாலேயே அவனை ஸ்தோத்ரம் செய்தருளினார். நாம் அவன் பெயரை நம் வீட்டுக்கு இட விரும்புகிறோம். அவனோ பிறருக்கு இடம் கொடுத்த ஒரு ரேழியின் பெயரைத் தனக்கு இட்டுக்கொண்டான். ஆம், நாம் ரேழி என்று வழங்குவது அந்த இடைகழியைத்தான்.

இவ்வூர் ஸுந்தரவரதன் ஸந்நிதியை ஸேவிக்கும்போதும் இது நெஞ்சில் படும். கீழ்த்தளத்தில் நின்ற திருக்கோலம், இடைத்தளத்தில் இருந்த திருக்கோலம், மேல்தளத்தில் கிடந்த திருக்கோலம். நிற்பதற்கும், இருப்பதற்கும், கிடப்பதற்கும் நாம் அவனுக்கு மூன்று தளங்கள் எடுத்தோம். அவன் அடியார்கள் நிற்கவும், இருக்கவும், கிடக்கவும் நம் வீட்டில் எத்தனை அடி இடம் வைத்தோம்?

ஆகவே அடியேனுடைய முடிவு இது. இல்லத்துக்குத் திருநாமம் இடலாம். இடுவது சிறந்ததும் கூட. ஆனால் அது முதலில் செய்ய வேண்டிய காரியமன்று. முதலில் இடம், பின்னர் பெயர். திருநாமத்தை வாயிலில் எழுதுகிறவன், அந்நாமத்துக்குக் கணக்குக் காட்டக் கடமைப்படுகிறான். அக்கடமையை ஏற்க மனம் இல்லையேல், கதவிலக்கமே போதும். அது ஒருநாளும் பொய் சொல்லாது.

இதை மருமானிடம் சொன்னபோது, “மாமா, இந்தக் காலத்தில் திண்ணை கட்டினால் இரவில் யார் யாரோ வந்து படுப்பார்களே?” என்றான். அவன் அச்சம் நியாயமற்றதன்று. பெண்டு பிள்ளைகளோடு வாழ்கிறவன் அவன். திருக்கோவலூர் இடைகழியில் ஆழ்வார்களும் இருளில் யார் என்று அறியாமலே இடம் கொடுத்தார்கள் என்று மட்டும் சொல்லி வந்துவிட்டேன். இரு மாதம் கழித்துச் சென்று பார்த்தபோது, சுற்றுச்சுவரின் ஒரு பகுதியை மூன்றடி உள்ளே தள்ளிக் கட்டி, தெருப்பக்கமாக நால்வர் அமரத்தக்க ஒரு கல் திண்ணையை எழுப்பியிருந்தான். மேலே சிறு கூரை. பக்கத்தில் மூடியிட்ட மண்பானையும் சொம்பும். தமக்கையார் ஒன்றும் சொல்லவில்லை; பானையைத் தம் கையாலேயே நிரப்பி வைத்தார்.

வாயிற்கல் இன்னும் வெறுமையாகவே உள்ளது. பெயர் என்னவென்று கேட்டேன். “உத்ஸவம் ஆகட்டும் மாமா, வருகிறவர்கள் என்ன சொல்லி அழைக்கிறார்களோ பார்ப்போம்” என்றான்.

உத்ஸவத்துக்கு நடந்து வரும் அன்பர்கள் வழியில் அத்தகைய ஒரு திண்ணையைக் கண்டால், தயங்காமல் அமர்ந்து, ஒரு வாய் தீர்த்தம் பருகி, திருநாமத்தை வாயாரச் சொல்லிச் செல்லுங்கள். அந்த வீட்டுக்குச் செய்யும் நாமகரணம் அதுவே ஆகும். நம் ஒவ்வொருவர் அகத்திலும் பிறருக்கென்று ஓர் இடைகழி இருக்க ஸுந்தரவரதன் அருள் புரிவானாக.