சரெப்தா விதவையின் மாப்பானை



2016-ம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்துப்போனதும், மறு ஆண்டு ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையென்று அறிவிக்கப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது நான் இருந்த பங்கில் மழைக்காக நவநாள் செய்தோம். மழை வரவில்லை. பத்தாம் நாள் ஒரு தாய் என் வீட்டு வாசலில் நின்று, "சாமி, மேகமெல்லாம் ஆண்டவர் சொற்படி கேட்குமென்று பிரசங்கத்தில் சொன்னீர்களே, கண்மாய் ஏன் இப்படிக் கிடக்கிறது?" என்றாள். "விசுவாசம் குறைந்தால் இப்படித்தான் பேசத் தோன்றும்" என்று கடிந்து அனுப்பிவிட்டேன். குருமடத்தில் படித்ததெல்லாம் அந்த நேரம் எங்கே போயிற்றோ!

எலியாஸ் தீர்க்கதரிசியின் சரித்திரத்தை அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். மழைக்குத் தெய்வம் பாகால் என்று ஆக்காப் அரசனும் யெசபேலும் வணங்கிய காலத்தில் வானம் அடைபட்டது. மூன்று ஆண்டும் ஆறு மாதமும் மழையில்லை என்று நம் சேசுநாதரே நாசரேத்தூர்ச் செபக்கூடத்தில் சொல்கிறார். எலியாசைக் காரித் ஓடையருகே காகங்கள் போஷித்தன. பின்பு அந்த ஓடையும் வற்றிப்போயிற்று. சர்வேசுரனே காட்டிய ஓடை அது. அவருக்குக் கீழ்ப்படிந்தவன் குடித்த தண்ணீர் அது! அப்படியிருக்க, ஒருவன் கிணறு வற்றினால் அவன் விசுவாசம் வற்றியதென்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

ஆண்டவர் அவனைச் சீதோன் நாட்டுச் சரெப்தாவுக்கு அனுப்பினார். இன்றைய லெபனான் தேசத்துக் கடற்கரை ஊர் அது. பாகாலை வணங்கியவர்களின் சொந்தச் சீமை. அங்கே ஒரு புறஜாதி விதவை சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். பானையில் ஒரு பிடி மாவு, கலயத்தில் சிறிது எண்ணெய். அதைச் சுட்டு, தானும் மகனும் தின்றுவிட்டுச் சாவதென்று இருந்தாள். எலியாசோ, முதலில் தனக்கு ஒரு சிறு அப்பம் வேண்டுமென்றான். நமக்கே கோபம் வருகிறதல்லவா? ஆயினும், மழை பெய்யும் நாள்வரை மாவு தீராது என்ற தேவவாக்கை நம்பி அவள் கொடுத்தாள்.

பானை விளிம்புவரை நிரம்பியதென்று வேதாகமம் சொல்லவில்லை. தீரவில்லை என்று மட்டுமே சொல்கிறது. ஒவ்வொரு நாளும் அடியில் கைவிட்டுத் துழாவித்தான் அவள் எடுத்திருப்பாள். மேகத்தை ஆளுகிறவர் அந்நாட்களில் அவளுக்கு ஒரு துளி மழையும் அனுப்பவில்லை. அன்றன்றைக்கு வேண்டிய மாவைத் தந்தார். அதுவும், சாப்பிடும் வாய் இரண்டு மூன்றான பிறகு! மழைக்காகக் கார்மேல் மலையில் முகங்குப்புறக் குனிந்து காத்திருந்த எலியாசுக்குங்கூட, ஊழியன் ஏழாம் முறை போய்ப் பார்த்தபோதுதான் உள்ளங்கையளவு மேகம் தென்பட்டது.

நான் கடிந்துகொண்ட அந்தத் தாய், அவ்வாண்டு முழுவதும் உலை வைக்குமுன் பிடியரிசி எடுத்து வைப்பதை ஒருநாளும் நிறுத்தவில்லையென்று உபதேசியார் பிற்பாடு சொன்னார். அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்ன சாமி, உட்காருங்க" என்று பாய் விரித்தாள்.

வேலை குறைந்திருக்கும் இந்த மாதங்களில் நம் கோவில் முகப்பிலும் பிடியரிசிப் பானை வைத்திருக்கிறோம். ஞாயிறு பூசைக்கு வரும்போது கொண்டுவந்து போடுங்கள். அரிசி தேவைப்படும் வீட்டார் அன்று மாலை உபதேசியாரிடம் வந்து வாங்கிக்கொள்ளலாம். யாருடைய பெயரும் எழுதப்படமாட்டாது.