அழிவதற்கு எந்தப் பத்தி?

ஜொகூரின் பண்டார் தெங்காராவைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனைதான். 1972இல் அமைந்த கெஜோரா எனும் தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியத்தின் வட்டாரம் இது. காடு திருத்திய மண்.

நிலம் திருத்துமுன் மதிப்பீடு போடுவார்கள். ஒன்பது மீட்டர் முக்கோண இடைவெளியில் ஹெக்டேருக்குச் சுமார் 140 கன்று. சரிவில் படிவெட்டு, வடிகால், லாரிப்பாதை, டீசல், ஆள்கூலி, உரம். 25 ஆண்டு போனால் மறுநடவு. எல்லாம் ரிங்கிட்டில்.

வள்ளுவரும் மதிப்பீட்டாளர்தான். ‘தெரிந்துசெயல்வகை’யின் முதல் குறளில் அவர் வைக்கும் வரிசையைப் பாருங்கள்: முதலில் அழிவது, பிறகு ஆவது, அதன்பின் ஊதியம். நம் மதிப்பீட்டுத் தாளோ இரண்டாவதிலிருந்தே தொடங்குகிறது!

அழிகிற மேல்மண் யாருடைய சொத்து? அதைப் பிடித்துவைக்க வரிசைகளுக்கிடையே மூடுபயிர் விதைக்கிறார்கள். விதைக்கு விலை போடுகிறார்கள், மண்ணுக்குப் போடுவதில்லை. அடைமழை விட்டதும் பாதையோரக் கால்வாய் தே தாரிக் நிறத்தில் ஓடும். அடியில் படிந்த வண்டலை வாரும் செலவு மறு ஆண்டுக் கணக்கில் ஏறும், ‘பராமரிப்பு’ என்ற தலைப்பில்.