கண்ணை மட்டும் பார்த்தவன்

மதுரையில் பிறந்து வளர்ந்தவனுக்குக் கண்ணின் பெருமையைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரின் நாயகியே கண்ணால் பெயர் பெற்றவள். மீன் இமைப்பதில்லை, தன் முட்டைகளைப் பார்வையாலேயே பொரிக்கிறது என்பது நம் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் நம்பிக்கை. அதுபோல இமையாமல் இந்த ஊரைப் பார்த்துக் காப்பவள் மீனாட்சி என்று என் பாட்டி சொல்லுவாள். மீன் அப்படி முட்டை பொரிப்பதில்லை என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனாலும் பார்ப்பதற்கும் காப்பதற்கும் ஏதோ சம்பந்தம் உண்டு என்ற எண்ணம் மட்டும் மனத்தை விட்டுப் போகவில்லை. சென்ற ஆண்டு நடந்த ஒரு சிறு சம்பவம் அந்த எண்ணத்தை மறுபடியும் கிளறிவிட்டது.

பொழுதுபோக்காகக் காமிரா பழகிக்கொண்டிருந்தேன். எறும்பு, பூவின் மகரந்தம் போன்ற சிறிய பொருள்களைப் பெரிதாகப் படம் பிடிக்கும் லென்ஸ் ஒன்றை வாங்கியதும், மனிதக் கண்ணைப் படம் எடுக்க வேண்டும் என்று ஆசை பிறந்தது. ஆசை எளிது, காரியம் எளிதாக இல்லை. கருவிழி என்று நாம் சொல்லும் வட்டத்தின் குறுக்களவு ஏறக்குறைய 12 மில்லிமீட்டர். அதைப் படம் கொள்ளுமளவு பெரிதாக்க வேண்டுமென்றால் லென்ஸை முகத்திலிருந்து ஒரு சாணுக்குள் கொண்டுபோக வேண்டும். அவ்வளவு நெருங்கிவிட்டால் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டரோ ஒன்றரையோதான். கை நடுங்கினால் போயிற்று; மூச்சு விட்டால் போயிற்று; எதிரே உட்கார்ந்திருப்பவர் லேசாக அசைந்தாலும் போயிற்று.

நாளடைவில் சில உபாயங்கள் கைவந்தன. காமிராவே தானாகக் குவியம் தேடும்படி விட்டால் அது தடுமாறும். ஆகவே குவியத்தை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, முழங்கைகளை மேஜைமேல் ஊன்றி, மூச்சைப் பாதி விட்டு அடக்கிக்கொண்டு, இடுப்பிலிருந்து மெல்ல முன்னால் சாய வேண்டும். கருவிழியின் இழைகள் பளிச்சென்று தெரியும் அந்த ஒரு கணத்தில் விசையை அழுத்த வேண்டும். இருபது படங்களில் ஒன்று தேறினால் அதிர்ஷ்டம். வெளிச்சம் நேரே விழக்கூடாது. பக்கத்து ஜன்னலிலிருந்து சாய்வாக வர வேண்டும். அப்போதுதான், கறுப்பு என்று ஆயுள் முழுவதும் நினைத்திருந்த கண் கறுப்பே இல்லை என்பது தெரியும். செம்பும் தேனும் கலந்த பழுப்பு. அதில் மேடுகள், பள்ளங்கள், வைகை மணலில் தண்ணீர் ஓடிய தடங்கள் போன்ற கோடுகள்! நடுவில் இருக்கும் பாவை மட்டும்தான் கறுப்பு. அதுவும் நிறம் அன்று. வெளிச்சம் உள்ளே போகும் துவாரம். எதிரில் நிற்பவனின் உருவம் சின்னஞ்சிறு பொம்மைபோல அங்கே தெரிவதால்தான் அதற்குப் பாவை என்று பெயர் வந்தது போலும். லத்தீன் மொழியிலும் அதற்குச் சிறு பொம்மை என்று பொருள்படும் பெயரே வழங்கியது என்று அறிந்தபோது வியப்பாக இருந்தது.

என் மனைவி நான்கு நாள் பொறுமையாக உட்கார்ந்தாள். ஐந்தாம் நாள் எழுந்து போய்விட்டாள். பிறகு அகப்பட்டவள் கீரைக்காரக் கிழவி. மேலூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவள். வயது எழுபதுக்கு மேல் இருக்கும்.

"என்னா தம்பி, கண்ணுக்குள்ள என்னத்தத் தேடுறீக?" என்று சிரித்தபடி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

அன்று எடுத்ததுதான் என் படங்களிலேயே சிறந்த படம். கருவிழியைச் சுற்றி முதுமையின் சாம்பல் வளையம். பாவையின் நடுவே, மேகத்துக்குள் மறைந்த நிலவு போல ஒரு வெண்மை. பெரிதாக அச்சிட்டு நடுக்கூடத்தில் மாட்டினேன். வந்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். கவிதை என்றுகூட ஒருவர் சொன்னார்.

ஒரு மாதம் கழித்துக் கண் டாக்டரான நண்பர் ஒருவர் வந்தார். படத்தின் முன்னால் நின்றார். பாராட்டை எதிர்பார்த்து நானும் பக்கத்தில் நின்றேன். அவர் திரும்பி, "இந்த அம்மா எங்கே இருக்கிறார்? அடுத்தபடி எப்போது வருவார்?" என்று கேட்டார்.

நிலவு என்று நான் நினைத்தது முற்றிய கண்புரை.

அந்தக் கிழவி ஒவ்வொரு காசையும் விரலால் தடவித் தடவி எண்ணுவதை இரண்டு வருஷமாக நான் பார்த்திருக்கிறேன். வாசற்படியைக் காலால் துழாவிவிட்டு ஏறுவதையும் பார்த்திருக்கிறேன். ஒரு சாண் தூரத்தில் மூச்சை அடக்கி அவள் கண்ணையே உற்று நோக்கியவன், அந்தக் கண்ணுக்குப் பார்வை இருக்கிறதா என்று மட்டும் நினைத்துப் பார்க்கவில்லை.

இதில் என் குற்றம் என்ன? மனுஷியை மறந்து உறுப்பை மட்டும் பார்த்தேன் என்று சொல்லிவிடலாம். ஆனால் டாக்டரும் உறுப்பைத்தானே பார்த்தார்? சொல்லப்போனால் அவள் பெயரை அவருமே கேட்கவில்லை. கத்தி பிடிக்கும் நேரத்தில் எதிரே இருப்பது யாருடைய தாய், யாருடைய பாட்டி என்று நினைத்தால் கை நடுங்கிவிடும். கூர்ந்து பார்ப்பவன் எவனும் ஏதோ ஒன்றை மறந்துதான் பார்க்கிறான். ஆகையால் மறந்ததைக் குற்றம் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. 'இந்தக் கண் எப்படித் தெரிகிறது?' என்று நான் பார்த்தேன். 'இந்தக் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது?' என்று அவர் பார்த்தார். தமிழில் ஒரு வேற்றுமை உருபுதான் வித்தியாசம். இரண்டு மனப்பான்மைகளுக்கு இடையிலுள்ள தூரம் முழுவதும் அந்த உருபில் அடங்கியிருக்கிறது.

உலகப் பிரசித்தி பெற்ற கண்களுக்கும் இந்தக் கதி நேர்ந்திருக்கிறது. 1984-ல் பாகிஸ்தானிலிருந்த அகதி முகாம் ஒன்றில் ஸ்டீவ் மெக்கரி என்ற அமெரிக்கர் ஓர் ஆப்கானியச் சிறுமியைப் படம் எடுத்தார். 1985 ஜூன் மாதத்து 'நேஷனல் ஜியாக்ரபிக்' அட்டையில் அது வெளிவந்தது. அந்தப் பச்சைக் கண்களை அறியாதவர் இல்லை. அவள் பெயரை அறிந்தவரும் இல்லை. 2002-ல் தேடிக் கண்டுபிடித்தபோதுதான் பெயர் தெரிந்தது. அவள்தானா என்று உறுதி செய்ய, கருவிழியின் கோலங்களையே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பதினேழு ஆண்டுகளாக உலகமே பார்த்த தன் படத்தை, அதுவரை அவள் பார்த்ததே இல்லை!

இதற்கு நேர்மாறான ஒரு பார்வையும் எங்கள் ஊரிலேயே இருந்தது. டாக்டர் கோ. வெங்கடசாமி வடமலாபுரத்துக்காரர். இளமையில் தாக்கிய மூட்டுவாத நோயால் விரல்கள் கோணிப் போனவர். அந்த விரல்களைக் கத்தி பிடிக்கப் பழக்கி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களுக்குச் சிகிச்சை செய்தார். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்று, 1976-ல் பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். புரையை நீக்கிய பிறகு கண்ணுக்குள் வைக்கும் சிறு வில்லையை ஏழைகளுக்கும் எட்டும் விலையில் செய்வதற்காக, 1992-ல் ஆரோலேப் இதே மதுரையில் தோன்றியது. என் காமிரா லென்ஸின் விலைக்கு அத்தகைய வில்லைகள் எத்தனையோ வாங்கலாம். இதை எண்ணி நான் காமிராவை விற்றுவிடவில்லை. அழகைப் பார்ப்பது பாவம் என்று எனக்கு இன்றும் தோன்றவில்லை. பார்த்த பிறகு நமக்கு ஒரு பாத்தியதை வந்துவிடுகிறது என்று மட்டும் தோன்றுகிறது. ஒருவர் தம் கண்ணை இமைக்காமல் நம்மிடம் ஒப்படைக்கிறார் என்றால் அது சின்ன நம்பிக்கையா?

கிழவிக்கு ஆபரேஷன் நடந்தது. ஒரு மாதம் கழித்துக் கீரைக் கூடையுடன் வந்தவள், வாசலிலேயே நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆத்தி, இம்புட்டு நரையா தம்பி ஒங்களுக்கு? கொரல வச்சு எளவட்டம்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்!"

பிறகு, தன் படத்தைக் காட்டச் சொன்னாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் அழைத்துப் போனேன். வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பாவையின் ஓரத்தில் விரலை வைத்தாள். ஜன்னல் வெளிச்சத்துக்குப் பக்கத்தில், கடுகளவு உருவம் ஒன்று அங்கே நின்றிருந்தது.

"இது யாரு தம்பி?"

"நான்தான் ஆத்தா."

இன்னும் கிட்டே போய்ப் பார்த்தாள். காமிராவைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும் என் உருவம் அது.

"மூஞ்சியக் காணோமே" என்றாள்.