கேட்பவர் இருந்தால் குழந்தை பேசும்

பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் நம் ஜனங்களிடையே இப்போது பலமாக வேரூன்றியிருக்கிறது. கோடை விடுமுறை வந்துவிட்டால், ஆளுமை வளர்ச்சி வகுப்பு என்றும் பேச்சுப் பயிற்சி முகாம் என்றும் ஊருக்கு ஊர் விளம்பரத் தட்டிகள் முளைத்துவிடுகின்றன. தங்கள் பிள்ளை சங்கோஜமில்லாமல் மேடையேற வேண்டும், நாலு பேர் நடுவில் நாக்குழறாமல் நிற்க வேண்டும் என்ற ஆவலில், சொற்ப வருமானக்காரர்கள்கூடச் செலவைப் பாராமல் சேர்த்துவிடுகிறார்கள். அந்த ஆவலை நான் குறைவாக மதிப்பவன் அல்லன். ஆசிரியத் தொழிலில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில், வாய் திறக்கத் தயங்கிய ஒரே காரணத்தால் தங்கள் புத்திக்கூர்மையையெல்லாம் உள்ளுக்குள்ளேயே பூட்டி வைத்துப் பின்தங்கிப்போன பிள்ளைகள் அநேகரை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஆண்டு விழா மேடையில் ஏறி, தேசத் தலைவர்களைப் பற்றி மூச்சுவிடாமல் பேசிக் கரகோஷம் வாங்கிய ஒரு சிறுமி, பின் பெஞ்சில் இருப்பவர்கள் தன் நோட்டுகளை உருவிக் கிழித்துப்போடுவதை வீட்டில் ஒருவரிடமும் சொல்ல மாட்டாமல், “தொலஞ்சு போச்சும்மா, வேற நோட்டு வாங்கித் தா” என்று வாரந்தோறும் தாயிடம் பொய் சொல்லி வந்ததையும் நான் அறிவேன். அவளுக்குப் பேச்சுத் திறமை குறைவு என்று யார் சொல்ல முடியும்?

மேடையில் நிற்கும் குழந்தைக்கு அதன் வார்த்தைகள் முன்னரே எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைக் கேட்டுக் கைதட்டுவதற்கென்றே சபை கூடியிருக்கிறது. தனக்கு நேர்ந்த துன்பத்தைச் சொல்ல வரும் குழந்தைக்கோ அந்த நிச்சயம் எதுவும் இல்லை. சக மாணவர்களால் ஓயாமல் சீண்டப்படும் பிள்ளைக்குக் கோபத்தைவிட முந்திக்கொண்டு வருவது வெட்கம். தன்னிடம் ஏதோ கோளாறு இருப்பதனால்தான் இத்தனை பேருக்கும் தான் இளப்பமாகிவிட்டோம் என்று அது நம்பத் தொடங்குகிறது. அந்த வெட்கத்தையும் மீறிக்கொண்டு, பாதி அழுகையோடு அது ஆசிரியரின் மேஜையருகே வந்து நிற்கும்போது, கேட்கிற பதில்கள் அநேகமாக எல்லாப் பள்ளிகளிலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. “நீ என்ன பண்ணின? சும்மா இருந்தவன எதுக்கு அடிக்கப் போறான்?” என்பது ஒன்று. “அவன் சொன்னா உன் மேல வந்து ஒட்டிக்குதா? போய் உக்காரு” என்பது மற்றொன்று. வீட்டுக்குப் போனாலோ, “ஆம்பளப் புள்ளதானே, திருப்பி ஒண்ணு குடுத்துட்டு வர வேண்டியதுதானே” என்று தகப்பனார் சொல்கிறார். இந்தப் பதில்களை இரண்டு மூன்று முறை கேட்ட பிள்ளை, அதற்குப் பிறகு எவ்வளவு பெரிய இம்சை வந்தாலும் வாயைத் திறப்பதில்லை. நாம் அதைச் சங்கோஜ சுபாவம் என்று எண்ணிப் பேச்சுப் பயிற்சி வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம்.

தென்பாண்டிச் சீமையில் ஓர் அரசுப் பள்ளியில் என்னோடு வேலை பார்த்த ஆசிரியை ஒருவரை இங்கே சொல்லத்தான் வேண்டும். ஆறாம் வகுப்புக்கு அவர்தான் வகுப்பாசிரியை. நோட்டுத் திருத்திக்கொண்டிருக்கும்போது எந்தப் பிள்ளை வந்து மேஜையருகே நின்றாலும், சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டுத் தலை நிமிர்ந்து அதன் முகத்தைப் பார்ப்பது அவருடைய வழக்கம். ஒரு நாள், மாறுகண் உள்ள பையன் ஒருவன், சத்துணவு நேரத்தில் தன் தட்டைச் சிலர் பறித்து மைதானத்தில் உருட்டி விளையாடுகிறார்கள் என்றும், மணி அடிக்கும்வரை திருப்பித் தருவதில்லை என்றும், அதனால் சில நாட்களாகத் தான் சாப்பிடவில்லை என்றும் தேம்பித் தேம்பிச் சொன்னான். அந்த அம்மையார் முழுவதையும் கேட்டார். அவனை முதலில் சத்துணவுக் கூடத்துக்கு அழைத்துப்போய்ச் சாப்பிட வைத்தார். பிறகு அவர் கேட்ட கேள்விதான் எனக்கு விசேஷமாகப் பட்டது. “பக்கத்துல யார் யாரெல்லாம் இருந்தாங்க?” என்று கேட்டார். தட்டை உருட்டியவர்களைக் கூப்பிடுவதற்கு முன்பே, வேடிக்கை பார்த்து நின்றவர்களைக் கூப்பிட்டார்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லல, டீச்சர்.”

“என்ன சொல்லியிருக்கலாம்?”

வெகுநேரம் ஒருவரும் பேசவில்லை. கடைசியில் ஒரு சிறு பெண், தரையைப் பார்த்தபடி, “‘தட்டக் குடுலே’ன்னு சொல்லியிருக்கலாம், டீச்சர்” என்றாள். “சரி, சொல்லு” என்றார் ஆசிரியை. அவள் முனகினாள். “மைதானத்துக்குக் கேக்கணும், சொல்லு” என்றார். இப்படியாக அங்கே நின்ற ஒவ்வொரு பிள்ளையையும், வெட்கம் தெளியும்வரை, அந்த இரண்டு வார்த்தைகளை உரக்கச் சொல்ல வைத்துவிட்டுத்தான் அனுப்பினார். தட்டை உருட்டியவர்களை அதற்குப் பிறகு தனித்தனியாக அழைத்து விசாரித்துக் கண்டித்தார். வகுப்பு நடுவில் நிறுத்தி அவமானப்படுத்தவில்லை. தட்டு அதன் பிறகு உருளவில்லை என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

இந்த அம்மையார் மனோதத்துவ நூல்களைப் படித்தவர் அல்லர். ஆனால் அவர் அனுபவத்தால் கண்டுகொண்டதை விஞ்ஞான முறைப்படி ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். கனடாவில் டொரன்டோ நகரத்துத் தொடக்கப் பள்ளிகளின் விளையாட்டு மைதானங்களில், தூரத்திலிருந்து படம்பிடிக்கும் காமிராவையும் பிள்ளைகளின் உடையில் சிறிய ஒலிவாங்கியையும் வைத்து நடத்திய ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2001-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரு பிள்ளையை மற்றவர்கள் இம்சிக்கும் சம்பவங்களில் நூற்றுக்கு 88-இல் மற்றப் பிள்ளைகள் சுற்றி நின்றிருக்கிறார்கள். அவர்களில் எவராவது குறுக்கிட்டதோ நூற்றுக்கு 19 சம்பவங்களில்தான். அப்படிக் குறுக்கிட்டபோது, பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் பத்தே விநாடிக்குள் அந்த இம்சை நின்றுபோயிருக்கிறது. பத்து விநாடி என்பது, “தட்டக் குடுலே” என்று இரண்டு முறை சொல்வதற்குப் பிடிக்கும் நேரத்தைவிட அதிகம். பின்லாந்து தேசத்தில் துர்க்கு பல்கலைக்கழகத்தார் வகுத்து, 2009-ஆம் ஆண்டு முதல் அத்தேசத்துப் பள்ளிகளில் பரவிய ‘கிவா’ என்னும் பயிற்சித் திட்டமும் இந்த அஸ்திவாரத்தின் மேலேதான் எழுந்தது: இம்சிப்பவன் தேடுவது சுற்றி நிற்பவர்களின் சிரிப்பை, அந்தச் சிரிப்பு கிடைக்காமற் போனால் அவனுடைய உற்சாகம் வடிந்துவிடுகிறது என்பதே அவர்களுடைய கொள்கை.

துன்பப்படுகிற பிள்ளையைத் தனியே அழைத்து, “நிமிர்ந்து நில், கண்ணைப் பார்த்துப் பேசு, ‘வேண்டாம்’ என்று உறுதியாகச் சொல்” என்று கற்பிப்பதில் பிரயோஜனம் இல்லாமல் இல்லை. சின்னஞ்சிறு சீண்டல்களை அப்படிச் சமாளித்துவிடவும் கூடும். ஆனால் நாலு பேர் ஒரு பக்கமும் தான் ஒருவனாக மறு பக்கமும் நிற்கும் பிள்ளையிடம், இதற்கான பரிகாரம் உன் கையில்தான் இருக்கிறது என்று நாம் சொல்லும்போது, பரிகாரம் பலிக்காத அன்றைக்கு அந்தத் தோல்வியையும் அதன் தலையிலேயே சுமத்திவிடுகிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்தும் ஒன்று உண்டு.

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் நடந்ததைத் தமிழ்நாட்டில் மறந்தவர் இருக்க முடியாது. பன்னிரண்டாம் வகுப்பில் படித்த தலித் மாணவன் ஒருவன், உடன் படித்த ஆதிக்க சாதி மாணவர்கள் கொடுத்த தொல்லை தாளாமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்தான். காரணத்தைப் பள்ளி கேட்டபோது அவன் மறைக்கவில்லை, நடந்ததைச் சொன்னான். அவன் சொன்னதற்குக் கிடைத்த பிரதிபலன், இரவில் வீட்டுக்குள் நுழைந்த அரிவாள். தடுக்க வந்த அவனுடைய தங்கையும் வெட்டுப்பட்டாள். பேசு, பயப்படாதே, பெரியவர்களிடம் சொல் என்று நாம் பிள்ளைகளுக்கு உபதேசிக்கும் அத்தனையையும் அந்தப் பையன் செய்திருந்தான். அவனிடம் எந்தத் திறமையும் குறைவாக இருக்கவில்லை. படுகாயத்திலிருந்து மீண்டு வந்து, மறு ஆண்டு பொதுத் தேர்வில் 600-க்கு 469 மதிப்பெண் பெற்றதே அவனுடைய மனோதிடத்துக்குச் சாட்சி. ஒரு குழந்தை பேசிய பிறகு, பேசிய வாய்க்கு என்ன பாதுகாப்பு என்ற கேள்விக்குப் பெரியவர்களிடம் பதில் இல்லாமற் போனதுதான் அங்கே இருந்த குறை. நம் தேசத்தில் பிள்ளைகளின் சீண்டலைப் பற்றிப் பேசும்போது சாதியை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசுவது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. உடல் பருமனையும் நிறத்தையும் திக்குவாயையும் வைத்துப் பட்டப்பெயர் சூட்டும் கொடுமை எல்லா நாட்டிலும் இருக்கலாம். கையில் கட்டியிருக்கும் கயிற்றின் வர்ணத்தைப் பார்த்து யாரோடு உட்காரலாம், யாரை அடிக்கலாம் என்று பதின்மூன்று வயதில் தீர்மானிக்கும் கொடுமை நம்முடையது.

அந்தச் சம்பவத்தை அடுத்து அரசு நியமித்த நீதிபதி சந்துரு அவர்களின் ஒருநபர் குழு, 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தன் அறிக்கையைக் கொடுத்தது. மாணவர்கள் கையில் வர்ணக் கயிறு கட்டி வருவதைத் தடுக்க வேண்டும், அகர வரிசைப்படி இடங்களில் உட்கார வைக்க வேண்டும், 500 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளில் சில. உட்காரும் இடம் அற்ப விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். முதல் பெஞ்சு யாருக்கு, மூலை யாருக்கு என்பதை எந்த வார்த்தையும் இல்லாமலே குழந்தை படித்துக்கொள்கிறது. தன்னைப் பற்றி அது கொள்ளும் அபிப்பிராயத்தின் முதல் பாடம் அதுதான்.

சுயமதிப்பு என்பதை உபதேசத்தால் ஊட்டிவிடலாம் என்ற நம்பிக்கையும் உலகத்தில் ஒரு சமயம் பலமாக இருந்தது. அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யத்தார் 1986-ஆம் ஆண்டில் இதற்கென்றே ஒரு குழுவை அமைத்தார்கள். பிள்ளைகளின் சுயமதிப்பை உயர்த்திவிட்டால் படிப்பும் ஒழுக்கமும் தாமாக உயர்ந்துவிடும் என்று எண்ணினார்கள். அதன் பிறகு வந்த ஆராய்ச்சிகளையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்த மனோதத்துவ அறிஞர்கள் சிலர் 2003-இல், அப்படிப்பட்ட பலன் கிட்டவில்லை என்றும், நன்றாகச் செய்து முடித்த வேலையே ஓரளவு சுயமதிப்பைக் கொண்டுவருகிறது என்றும் எழுதினார்கள். இது நம் அனுபவத்துக்கும் ஒத்துவருகிறது. மேலே சொன்ன மாறுகண் பையனிடம் அந்த ஆசிரியை, “நீ மட்டமானவன் இல்லை” என்று ஒரு நாளும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அவன் தகப்பனார் சைக்கிள் கடை வைத்திருந்தார். அறிவியல் பாடத்தில் காற்றழுத்தம் வந்தபோது, வகுப்புக்கு ஒரு டியூபையும் பம்பையும் கொண்டுவரச் சொல்லி, பஞ்சர் எங்கே என்று தண்ணீரில் அமுக்கிக் கண்டுபிடிப்பதை அவனை விட்டே செய்துகாட்டச் சொன்னார். குமிழி வந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவன் விளக்கிய அந்தப் பத்து நிமிஷத்தில், ஒரு பிள்ளைகூட அவன் கண்ணைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எல்லாரும் அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆசிரியர்களாகிய நம்மவர்களின் நாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கரும்பலகையருகே நின்று ஒரு பிள்ளையை “மக்கு” என்றோ, அவன் குடும்பத் தொழிலைச் சொல்லி “நீ அதுக்குத்தான் லாயக்கு” என்றோ ஆசிரியர் சொல்லிவிட்டால், இடைவேளையில் அந்த வார்த்தையை நாற்பது பிள்ளைகள் எடுத்து உபயோகிப்பார்கள். வகுப்பில் பட்டப்பெயர்களின் ஊற்றுக்கண் சில சமயம் மேஜைக்குப் பின்னாலேயே இருக்கிறது.

இம்சிக்கும் பிள்ளையை என்ன செய்வது என்ற கேள்விக்கு எளிதான விடை எனக்குக் கிடைக்கவில்லை. டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டால் நம் பள்ளியின் தலைவலி தீரலாம். அவன் போய்ச் சேரும் பள்ளியில் வேறொரு பிள்ளையின் தட்டு உருளும். அவனும் குழந்தைதான் என்ற இரக்கம் அவசியம். அந்த இரக்கத்தின் பேரில், அடிபட்டவனையும் அடித்தவனையும் கைகுலுக்க வைத்து ஐந்து நிமிஷத்தில் சமாதானம் செய்துவைப்பது மட்டும் கூடவே கூடாது. அப்படிச் செய்யும்போது, ஒருவனுடைய காயமும் மற்றவனுடைய குற்றமும் ஒரே எடை என்று நாமே சொல்லிவிடுகிறோம். என்ன செய்தான் என்பதை அவன் தன் வாயால் சொல்ல வேண்டும். பறித்ததைத் திருப்பித் தர வேண்டும். அடுத்த சில வாரங்கள் அவன்மீது ஒரு பெரியவரின் பார்வை இடைவிடாமல் இருக்க வேண்டும். இதற்கெல்லாம் ஆள் வேண்டும், அவகாசமும் வேண்டும்.

அந்த அவகாசம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கல்வித் துறை 14417 என்ற உதவி எண்ணை வைத்திருக்கிறது. ‘மாணவர் மனசு’ என்ற புகார்ப் பெட்டியும் பள்ளிகளில் இருக்கிறது. அவை இருப்பது நன்மையே. எனினும், தலைமையாசிரியர் அறைவாசலில் எல்லாரும் பார்க்கும்படி பெட்டி தொங்கினால், சீட்டைப் போட்டவன் யார் என்பது அன்று மாலைக்குள் வகுப்பு முழுவதற்கும் தெரிந்துவிடும் என்பதை அதை மாட்டுகிறவர்கள் யோசிக்க வேண்டும். 500 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு நல அலுவலர் வரக்கூடும். 60 பிள்ளைகளும் இரண்டு ஆசிரியர்களும் உள்ள கிராமப் பள்ளிக்கு அவர் வரப்போவதில்லை. அங்கே அந்த உத்தியோகத்தையும் வகுப்பாசிரியரே பார்க்க வேண்டும். அவரோ வருகைப் பதிவையும், விலையில்லாப் பொருள்களின் கணக்கையும், கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏற்ற வேண்டிய விவரங்களையும் முடிப்பதற்குள் சாயங்கால மணி அடித்துவிடுகிறது. சிவப்புப் பேனாவை மூடி வைக்க அவருக்கு மனம் இருந்தாலும் நேரம் இல்லை. பதிவேட்டு வேலைகளை அவர் கையிலிருந்து எடுத்து வேறொருவரிடம் கொடுத்து, மதிய உணவுக்குப் பின் அரைமணி நேரத்தை, வேறு எந்த வேலையும் சேராமல், பிள்ளைகள் சொல்வதைக் கேட்பதற்கென்றே கால அட்டவணையில் எழுதி வைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. கல்வி அதிகாரிகளிடமும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாரிடமும் இதை நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்; இன்னும் கேட்பேன்.