பாகவதரும் இருவினையும்

வேலூரைச் சார்ந்த சத்துவாச்சாரியினின்றும் மேற்கே பாலாற்றங்கரை வழியாகச் செல்வார்க்கு விரிஞ்சிபுரம் எதிர்ப்படும். தந்தையை இழந்த அருச்சகச் சிறுவனுக்கு இறைவன் தானே முதியவனாய் வந்து தந்தைக்குரிய கடனாற்றித் தீக்கை அருளினன் என்பதும், அச்சிறுவன் கைக்கு எட்டாத திருமுடியைச் சாய்த்து அவன் ஆட்டிய நீரை ஏற்றனன் என்பதும் அத்தல வரலாறு. மகன்பொருட்டுத் தலைசாய்த்தல் தந்தைமைக்கு உரியது என்னும் இக்கருத்து, பெரும்புகழ் எய்திப் பின் வீழ்ந்த இசைவாணர் ஒருவர் வாழ்வை நோக்குங்கால் முன்வந்து நிற்கின்றது. அவர் எம். கே. தியாகராச பாகவதர்.

1910 ஆம் ஆண்டு மாயூரத்திற் பொற்கொல்லர் குடியிற் பிறந்த அவர் வளர்ந்தது திருச்சிராப்பள்ளியில். ஏட்டிற் பற்றாது பாட்டிற் பற்றிய மனத்தைத் தந்தையார் கடிந்தனர். பிள்ளை வீட்டைவிட்டு அகன்றான். தேடிச் சென்றவர் கடப்பையில் அவனைக் கண்டபோது, கேட்பார் கூட்டத்தின் நடுவே அவன் பாடிக்கொண்டிருந்தான் என்பர் வரலாறெழுதினோர். அவ்விடத்துத் தலைசாய்த்தவர் தந்தையாரே. அதன்பின் அவர் மகனைத் தடுத்திலர். எப். ஜி. நடேசையர் அவனை அரிச்சந்திர நாடகத்தில் லோகிதாசனாக மேடையேற்றினார். தந்தையின் வாய்மைக்காக விலைப்படும் மைந்தன் வேடம் அது. 1934 இல் பவளக்கொடி, 1937 இற் சிந்தாமணி, 1939 இல் திருநீலகண்டர், 1943 இற் சிவகவி எனப் படங்கள் தொடர்ந்தன. சங்கீத மேடையிற் சிலர் கேட்ட குரலை நாடெங்கும் கேட்டது.

1944 தீபாவளிக்கு வெளிவந்த ஹரிதாஸ், பெற்றோரை இகழ்ந்த மகன் காலிழந்து பிழையுணர்ந்து அவர் பணியே தவமெனக் கொண்ட கதை. சென்னை பிராட்வே அரங்கில் அது மூன்று தீபாவளிகளைக் கண்டது. ஆயின் அவ்வாண்டு டிசம்பரிலேயே லட்சுமிகாந்தன் கொலைவழக்கிற் பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் சிறைப்பட்டனர், 1945 இல் ஆயுள் தண்டனை பெற்றனர். பிரிவி கவுன்சில் வரை சென்ற முறையீட்டின் பயனாய் வழக்கு மீண்டும் ஆராயப்பெற்று, 1947 ஏப்பிரலில் இருவரும் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டனர். படத்தில் அவர் பாடிய பாட்டுக்குக் கைதட்டினோர் கூட்டம் அரங்கில் நிறைய, பாடினவர் சிறைக்குள் இருந்த நாட்கள் பல.

இதனைப் 'பழவினை' என ஒரு சொல்லால் முடித்துவிடுவார் உளர். புகழ் பெருகியபோது அதனை வினை என்றார் யாரே? அன்று அது குரலின் பெருமை எனப்பட்டது. வீழ்ச்சி வந்தபோது மட்டும் வினையாயிற்று! சித்தாந்தம் இன்பத்தையும் துன்பத்தையும் ஒரே பிராரத்தத்தின் இருகூறாகவே கொள்ளும். அதனை உயிர்க்கு அளந்து ஊட்டுவோன் இறைவன். பிறிதோர் உயிரின் ஏட்டைப் படிக்கும் கண் நமக்கில்லை. தன் துன்பத்துக்குத் தன் வினையை நினைப்பது பக்குவத்துக்கு வழி. பிறன் துன்பத்துக்கு அவன் வினையைச் சுட்டுவது புதிய ஆகாமியம். நீதிமன்றம் குற்றமற்றவர் என்றவரைத் தெருத்திண்ணை தண்டிப்பது எந்நூல் முறையோ?

அங்ஙனமாயின் பிழை என ஒன்று இல்லையோ எனின், உண்டு. பாகவதர் வேடம் புனைந்த திருநீலகண்ட நாயனாரே அதற்குச் சான்று. பரத்தையின் மனை சென்ற பிழை அவருடையதே. மனைவியார் இட்ட ஆணையை அவர் வாதாடித் தளர்த்த முயன்றிலர், முதுமை வரை காத்தனர். இசையே வாழ்வாகக் கொண்ட நம்பியாரூரர் திருவொற்றியூரிற் சங்கிலியார்க்கு உரைத்த சூளுறவு பிறழ்ந்து கண்ணிழந்தார்; கோலூன்றிப் பாடிச் சென்று காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மற்றொன்றும் பெற்றார். சேக்கிழார் இவற்றை மறைத்தாரில்லை. அந்நம்பியாரூரரே கோட்புலியார் அடிமையாக அளித்த சிங்கடியாரையும் வனப்பகையாரையும் புதல்வியராக ஏற்று, தம்மை அவர் தந்தை என்றே பதிகத்தில் வைத்துப் பாடினார். பிழையே செய்யாதவன்தான் தந்தையாதற்கு உரியன் என்பது பெரியபுராணத்துக்கு உடன்பாடன்று.

ஈண்டு நுணுகி நோக்கற்பாலது ஒன்றுண்டு. இழந்த புகழுக்கு இரங்குதல் வேறு. செய்த பிழைக்கு இரங்குதல் வேறு. இரண்டிலும் கண்ணீர் ஒன்றுபோலவே வரும். முன்னது ஆணவத்துக்கு இரையாகும். பின்னதே மலபரிபாகத்துக்குத் துணையாகும். சிறைமீண்டு மனைபுகும் தந்தையொருவன் முன்னதனையே நாடோறும் பேசுவானாயின், அவன் மக்கள் கற்பது உலகின்மேற் பகையே. பின்னதனை வாய்திறவாது சுமப்பானாயின் அவர்கள் அதனைக் கேளாமலே அறிவர். குழந்தைகள் தந்தையின் புகழைப் பார்ப்பதினும் அவன் முகத்தையே பெரிதும் பார்ப்பர்.

விடுதலைக்குப்பின் பாகவதர் நடித்த ராஜமுக்தி 1948 இல் வெளிவந்து பயனளிக்கவில்லை. பின்வந்தனவும் பழைய நிலையை மீட்டில. பாட்டின் காலம் கழிந்து உரையாடலின் காலம் வந்திருந்தது. குரல் கெட்டதன்று, செவி மாறியது. நந்தனாராக 1942 இல் நடித்த தண்டபாணி தேசிகர் பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்து அமைதி கண்டனர். எல்லார்க்கும் அவ்வழி திறப்பதில்லை. பாகவதர் 1959 நவம்பர் 1 ஆம் நாள் சென்னையில் நாற்பத்தொன்பதாம் வயதில் உடல் நீத்தார். அவர் நடித்த சிவகாமி 1960 இலேதான் திரைக்கு வந்தது. அதன் வெற்றியும் தோல்வியும் அவரைத் தொடுவனவாய் இல்லை.