அறிவுரைக்கு ஆகும் செலவு

பிளஸ் டூ கடைசிப் பரீட்சை முடிந்ததும் திண்டுக்கல் மாவட்டத்தின் வேடசந்தூர் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு முதலில் திறக்கும் கதவு மில் கதவுதான். வடமதுரை, எரியோடு, குஜிலியம்பாறை என்று எந்தப் பக்கம் போனாலும் நூற்பாலைகள். இருட்டு விலகுவதற்குள் ஊர் ஊராக நுழைந்து ஆட்களை ஏற்றிக்கொள்ளும் மில் பஸ்களில், நேற்றுவரை பள்ளிச் சீருடையில் பஸ் ஏறியவர்களும் ஏறுகிறார்கள். தேர்வு முடிவு வர மே மாதம் ஆகும். கல்லூரி திறக்க ஜூன் கடைசியோ ஜூலையோ ஆகும். இடையில் கிடப்பது சுமார் மூன்று மாதம். சென்னையிலும் கோவையிலும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் இதே நாட்களில் நீட் கிராஷ் கோர்ஸ், ஸ்போக்கன் இங்கிலீஷ், கோடிங் வகுப்பு என்று பணம் கட்டிச் சேர்கிறார்கள். இங்கே அந்த நாட்கள் ஷிப்ட் கணக்கில் சம்பளமாகின்றன.

இந்த நேரத்தில் ஓர் ஆசிரியரோ தன்னார்வலரோ படித்து மேலே வந்த உறவினரோ ஒரு மாணவியிடம், "மில்லுக்குப் போகாதம்மா, லீவுல கம்ப்யூட்டர் கத்துக்க, காலேஜுக்கு வேண்டிய சர்டிபிகேட் எல்லாம் எடுத்து வை" என்கிறார். சொன்னது நல்ல வார்த்தை, சொன்னவர் நல்ல மனிதர். ஆனால் அந்த வார்த்தைக்குச் செலவு செய்யப்போவது அவர் இல்லை. அந்த வீட்டில் இரண்டு மூன்று மாதச் சம்பளம் குறையும். வட்டிக்காரருக்கும் மளிகைக் கடைக்கும் தவணை தள்ளிப்போகும். தம்பியின் பள்ளிச் செலவு இடிக்கும். பிறர் பிள்ளைக்கு வழி சொல்பவர், அந்த வழியில் ஆகும் செலவுக்கும் பொறுப்பேற்க வேண்டுமா என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது.

ஏற்கத்தான் வேண்டும். முழுப் பாரத்தையும் தூக்க ஒருவரால் முடியாது. ஆனால் செலவு எவ்வளவு, அது யார் தலையில் விழுகிறது என்று கணக்குப் போடாமல் யோசனை சொல்வது, நல்லெண்ணத்தோடு செய்தாலும், அநீதிதான்.

மில்லுக்கு அனுப்பும் பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எளிது. அவர்கள் பக்கத்து நியாயம் வலுவானது. மானாவாரி நிலத்தை நம்பி வாழும் குடும்பத்துக்கு மாதா மாதம் கைக்கு வரும் சம்பளம் சின்ன விஷயம் இல்லை. பதினேழு வயதுப் பெண் தன் கையால் சம்பாதித்த பணத்தை அம்மாவிடம் கொடுக்கும்போது வீட்டில் அவள் பேச்சுக்கு ஒரு மதிப்பு வருகிறது என்பதும் உண்மை. அதே மில்களின் இன்னொரு வரலாறும் ஊருக்குத் தெரியும். மூன்று ஆண்டு விடுதியில் தங்கி வேலை செய்தால் கடைசியில் மொத்தமாகத் திருமணப் பணம் என்று சொல்லி இளம்பெண்களை அழைத்துச் சென்ற 'சுமங்கலித் திட்டம்' பற்றி நெதர்லாந்தின் சோமோ ஆய்வு மையம் 2011இல் வெளியிட்ட அறிக்கை உலகம் முழுக்கப் பேசப்பட்டது. வெளியே போக அனுமதி இல்லாத விடுதி, நீண்ட வேலை நேரம், பாதியில் நின்றால் கைக்கு வராத தொகை என்று பல பெண்களின் அனுபவம் அதில் பதிவானது. இரண்டு மூன்று மாதம் என்று போனவர்கள் அங்கேயே தங்கிவிடுவதுதான் உண்மையான ஆபத்து. ஜூலையில் கல்லூரி திறக்கும்போது கையில் சம்பளம் பழகியிருக்கும், வீடும் அந்தச் சம்பளத்துக்குப் பழகியிருக்கும்.

அரசு இந்தக் கணக்கை ஓரளவு புரிந்துகொண்டதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. பெண்ணின் திருமணத்துக்குத் தங்கமும் பணமும் தந்துவந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திட்டம், 2022இல் கல்லூரியில் படிக்கும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமாக மாறியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்ததே அடிப்படைத் தகுதி. ஆயிரம் ரூபாய் மில் சம்பளத்துக்கு ஈடாகாது, நாலு நாள் கூலிக்குள் முடிந்துவிடும். இருந்தாலும் பஸ் செலவுக்கும் ஜெராக்ஸுக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் அப்பாவிடம் கை நீட்ட வேண்டியதில்லை என்ற நிலை, 'படிச்சது போதும்' என்ற பேச்சு வீட்டில் எழும்போது ஒரு பெண்ணுக்குப் பதில் சொல்ல உதவுகிறது. 'படி' என்று சொன்ன அரசே படிப்பதற்கான செலவில் ஒரு பங்கைத் தருகிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

பணம் மட்டும் செலவில்லை. நாட்களும் செலவு, அலைச்சலும் செலவு.

ஒரு பொறியியல் விண்ணப்பத்தை அருகில் வைத்துப் பார்க்கலாம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், ஆறு முதல் பன்னிரண்டு வரை எந்தப் பள்ளியில் படித்தார் என்ற விவரம் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் இ-சேவை மையத்தில் பதிய வேண்டும். அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாலுகா அலுவலகம் என்று மேலே போகும். ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் ஓர் இன்ஷியல் என்று இருந்தால் திரும்பி வரும். பதிவின்போது கொடுத்த செல்போன் எண்ணுக்குத்தான் ஓ.டி.பி. வரும். அந்த எண் கேரளாவில் வேலையில் இருக்கும் அப்பாவுடையதாகவோ பிரவுசிங் சென்டர்காரருடையதாகவோ இருந்தால், கவுன்சலிங் நாளில் பிள்ளை தன் கணக்குக்குள் தானே நுழைய முடியாது. விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதிய மூன்று நாள், ஒதுக்கீடு வந்தால் உறுதிசெய்ய இரண்டு நாள் என்று நடக்கும் முறையில் அந்த ஒரு தடை போதும், கிடைத்த இடம் கைவிட்டுப் போக. "கவுன்சலிங் போடு, நல்ல காலேஜ் கிடைக்கும்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர் இதையெல்லாம் பார்ப்பதில்லை. யோசனை சொன்னவர் மே மாதத்தில் ஒரு நாள் அந்த மாணவியோடு தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றாரா என்பதுதான் நியாயமான அளவுகோல்.

தமிழ்நாடு அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டமும் அதன் தொடர்ச்சியாக மாவட்டந்தோறும் நடக்கும் கல்லூரிக் கனவு நிகழ்ச்சிகளும் தகவலைக் கொண்டுசேர்க்கும் வேலையைப் பெரிய அளவில் செய்கின்றன. கல்லூரியில் சேராமல் நின்றவர்களைத் தேடி அழைக்கும் 'உயர்வுக்குப் படி' முகாம்கள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. அழைத்துச் சொன்னதோடு நிற்காமல், வராதவர் ஏன் வரவில்லை என்று கேட்பது பொறுப்பேற்பின் தொடக்கம். ஆனால் மண்டபத்தில் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சொல்லும் தகவல் ஒருவரின் வீட்டு நிலைமையைத் தொடாது. திருவாரூரில் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதற்கு க்யூட் நுழைவுத் தேர்வு உண்டு என்று மே மாதத்தில் சொன்னால் பயனில்லை. 2023 முதல் அதற்கான விண்ணப்பம் பிளஸ் டூ பரீட்சைக்கு முன்போ அதை ஒட்டியோ முடிந்துவிடுகிறது. காலம் தாழ்த்திச் சொன்ன தகவல் பிள்ளைக்கு ஏக்கத்தை மட்டுமே தரும்.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் பேசியாக வேண்டும். தேர்வு முடிவு வந்த அன்றே மதிப்பெண் எடுத்த பிள்ளையின் வீட்டுக்குப் போன் வருகிறது. தனியார் கல்லூரிகளுக்காக ஆள் சேர்க்கும் புரோக்கர்கள் ஊருக்கு ஊர் உண்டு. சேர்த்துவிட்டால் தலைக்கு இவ்வளவு என்று அவர்களுக்குக் கமிஷன். பெற்றோர் நம்புகிற மனிதர்களும், சில இடங்களில் பாடம் நடத்திய ஆசிரியரும்கூட, இந்தச் சங்கிலியில் சேர்ந்துகொள்கிறார்கள் என்பது ஊரறிந்த பேச்சு. 'கவுன்சலிங் எல்லாம் அலைச்சல், நேரா சேர்த்துடலாம்' என்று அவர்கள் சொல்லும் ஒரு வாக்கியத்தின் விலை மிகப் பெரியது. முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை ஒற்றைச் சாளரக் கவுன்சலிங் வழியே சேர்பவர்களுக்குத்தான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 2020இலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021இலும் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடும் அப்படியே. அந்த ஒதுக்கீட்டில் தொழிற்படிப்பில் சேர்பவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் நேரே சேர்ந்த பிள்ளை இவை இரண்டையும் ஒரே கையெழுத்தில் இழக்கிறது. நான்கு ஆண்டுக் கடன் அந்தக் குடும்பத்தின் தலையில் ஏறுகிறது. வழிகாட்டுவதற்கு ஒரு கல்லூரியிடம் பணம் வாங்குபவர், அதைப் பெற்றோரிடம் சொல்லாமல் வழிகாட்டினால், அது நம்பிக்கைத் துரோகம். கமிஷன் சிறிய தொகை என்பதோ, அந்தக் கல்லூரி மோசமில்லை என்பதோ அதற்குச் சமாதானம் ஆகாது.

பணம் வாங்காத நல்லவர்களிடமும் ஒரு சாய்வு உண்டு. உதவி எப்போதும் முதல் பெஞ்சைத் தேடியே போகிறது. 2023 பிளஸ் டூ தேர்வில் 600க்கு 600 எடுத்து மாநிலத்தையே திரும்பிப் பார்க்கவைத்தவர் திண்டுக்கல்லின் தச்சுத் தொழிலாளி ஒருவரின் மகள். அவருக்குக் கிடைத்த பாராட்டும் உதவியும் முழுத் தகுதியோடு வந்தவை. ஆனால் 340 எடுத்த பிள்ளைக்கு யார் போன் செய்கிறார்கள்? ஐ.ஐ.டி.க்கும் என்.ஐ.டி.க்கும் பிள்ளைகளை அனுப்பும் அரசு மாதிரிப் பள்ளிகள் பெருமைக்குரியவை. ஆனால் அவற்றின் வெற்றியே மற்றப் பள்ளிகளின் நடுவரிசையைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. நன்றாகப் படிக்கும் பிள்ளை எப்படியோ யாரோ ஒருவர் கண்ணில் பட்டுவிடும். மில்லுக்குப் போனால் திரும்பாது என்ற ஆபத்து அதிகம் இருப்பது நடுவரிசைக்குத்தான். நேரமும் ஆளும் குறைவாக இருக்கும் பள்ளியில், யாருக்கு உதவாவிட்டால் இழப்பு அதிகமோ அவருக்கே முதல் மணி நேரம் போக வேண்டும். மதிப்பெண் அதற்கான அளவுகோல் ஆக முடியாது.

நடிகர் சூர்யா 2006இல் தொடங்கிய அகரம் அறக்கட்டளை, 2010 முதல் நடத்தும் விதைத் திட்டத்தில் இதை ஒரு வகையில் செய்துகாட்டியது. விண்ணப்பித்த மாணவரின் வீட்டுக்கே தன்னார்வலர்கள் போய்ப் பார்க்கிறார்கள். மதிப்பெண்ணோடு வீட்டின் நிலையும் எடைபோடப்படுகிறது. சேர்த்துவிட்டதோடு விடாமல் படிப்பு முடியும்வரை கூடவே ஒரு வழிகாட்டி இருக்கிறார். எல்லா ஊருக்கும் ஓர் அகரம் கிடைக்காது. ஆனால் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு யோசனை சொல்லும் பழக்கத்துக்கு அறக்கட்டளை தேவையில்லை.

பொறுப்பேற்பது எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் பக்கத்து மாவட்டத்திலேயே சான்று உண்டு. 2019இல் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்த மாணவருக்காக நீட் தேர்வை வேறொருவர் எழுதியது வெளியே வந்தது. மாணவரோடு கைதான தந்தையும் ஒரு மருத்துவர். அதே ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கை ஆலோசகர் ஒருவர், பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்காகத் தேர்வு மதிப்பெண்ணைத் திருத்தவைத்ததும், ஆடாத விளையாட்டுக்கு வீரர் என்று காட்டியதும் அம்பலமானது. 2023 ஜனவரியில் அவருக்கு மூன்றரை ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. குற்றம் ஒரு புறம் இருக்கட்டும். 'உன்னால் முடியாது, உனக்காக நாங்கள் செய்கிறோம்' என்று பெற்றோர் தம் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் சொன்ன செய்திதான் அதைவிடக் கொடியது. விண்ணப்பத்தைத் தானே நிரப்பிக் கொடுத்துவிடும் அன்பான ஆசிரியர் இதில் ஒரு சிறு பங்கையாவது செய்கிறார். பக்கத்தில் உட்காரலாம், பிழையைச் சுட்டலாம். மவுஸ் மாணவியின் கையில் இருக்க வேண்டும், பாஸ்வேர்டு அவள் நோட்டில் இருக்க வேண்டும்.

முடிவும் அவளுடையதே. எல்லாம் கேட்டுவிட்டு, "இந்த வருஷம் மில்லுக்குத்தான் சார் போறேன், அக்கா கல்யாணக் கடன் இருக்கு" என்று அவள் சொல்லலாம். அந்தப் பதிலைத் தோல்வியாகப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வழிகாட்டி, இதுவரை உதவியது அவளுக்காகவா தன் கணக்குக்காகவா என்று யோசிக்க வேண்டியிருக்கும். அவள் மில்லுக்குப் போனாலும் செய்ய வேண்டியவை மிச்சம் இருக்கின்றன. அரசு கலை அறிவியல் கல்லூரிக்கான இணையவழி விண்ணப்பத்துக்கு ஆகும் செலவு ஐம்பது ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. மாணவருக்குப் பதிவுக் கட்டணமாக இரண்டே ரூபாய். வேடசந்தூரிலேயே அரசுக் கல்லூரி இருக்கிறது. மில் பஸ் ஏறும் முன்பே அந்த விண்ணப்பத்தைப் போட்டுவிடலாம். அசல் சான்றிதழ்களை வேலைக்குச் சேர்க்கும் இடத்தில் ஒப்படைக்காமல் வீட்டிலேயே வைத்திருக்கச் சொல்லலாம். ஒரு பாடத்தில் தவறியவருக்குத் துணைத் தேர்வுத் தேதியைச் சொல்லி, அந்த வாரம் விடுப்பு கேட்கவைக்கலாம். தரவரிசைப் பட்டியல் வரும் நாளில் ஷிப்ட் முடிந்து வருபவளுக்கு ஒரு போன் போட்டு, "உன் பேர் வந்திருக்கும்மா, திங்கட்கிழமைக்குள்ள சேரணும், பஸ்ஸுக்குக் காசு இருக்கா?" என்று கேட்கலாம்.