தாயின் தோளில் தொங்கும் பை



செவ்வாய்க்கிழமைகளில் கொட்டாஞ்சேனைப் பக்கம் போனவர்களுக்குக் கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்தின் கூட்டம் தெரியும். கத்தோலிக்கர் மட்டுமல்ல, இந்துக்களும் பௌத்தர்களும் நேர்ச்சையோடு வருகிற இடம் அது. அந்தக் கூட்டத்திலே நிற்கும் ஓர் இளந்தாயைச் சற்றுப் பாருங்கள். ஒரு கையில் பிள்ளை. தோளிலே ஒரு பை. பைக்குள்ளே என்ன இருக்கும்? நாலைந்து நப்பி, அவசரத்துக்கு இரண்டு பம்பர்ஸ், மாற்று உடுப்பு, துவாய், பால்போத்தல், சுடுதண்ணீர்ப் போத்தல், பவுடர், ஓடிக்கொலோன், காய்ச்சல் வந்தால் கொடுக்கப் பனடோல் பாணி. மூலையில் ஒரு செபமாலை. பிள்ளை அழும்போது அதுவும் கிலுகிலுப்பை ஆகிவிடும்!

இத்தனைக்குள்ளும் சுமக்கிறவளுக்கென்று ஒன்றுமில்லை என்பதைக் கவனித்தீர்களா?

சில ஞாயிறுகளுக்கு முன்னர், திருப்பலி முடிந்து முற்றத்தில் நின்றபோது இப்படிப் பையோடு ஒரு தாய் என்னிடம் வந்தார். “சுவாமி, நான் இன்றைக்கும் பூசை காணவில்லை. நப்பி மாற்றவும் பால் கரைக்கவுமே நேரம் போய்விட்டது. முன் வாங்கில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். இவன் வளரும்வரை இனி வராமல் விடலாமென்று நினைக்கிறேன்” என்றார். அடுத்த பூசைக்கு மணி அடித்துவிட்டதால் ஆறுதலாய்ப் பதில் சொல்ல முடியவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியதை இன்று உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலாவது, திருச்சபை ஒரு தாயின் கஷ்டத்தை அறியாததல்ல. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், ஞாயிறு கடன் பற்றிப் பேசும் 2181ஆம் எண்ணில், நோயைப்போலவே கைக்குழந்தையின் பராமரிப்பையும் தகுந்த காரணமாக ஏற்றுக்கொள்கிறது. ஆகவே வரமுடியாத நாளில் மனம் கலங்க வேண்டாம். ஆனால் வரக்கூடிய நாளில், வெட்கத்துக்காக வராமல் விடவும் வேண்டாம். 2014 சனவரியில், ஆண்டவரின் ஞானஸ்நானத் திருவிழாவன்று, சிஸ்டைன் சிற்றாலயத்தில் 32 குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்த பாப்பரசர் பிரான்சிஸ், பிள்ளைகள் பசித்து அழுதால் தயங்காமல் பாலூட்டுங்கள் என்று தாய்மாருக்குச் சொன்னார். பாப்பரசரின் முன்னிலையில் அழலாமென்றால், நமது முன் வாங்குக்காரர் முன்னிலையில் ஏன் அழக்கூடாது?

இரண்டாவது, அந்தப் பையே ஒரு மறையுரை. பெத்லகேமிலே பிறந்த தேவபாலனைப்பற்றி நற்செய்தி முதலில் சொல்லும் செய்தி, அன்னை அவரைத் துணியிலே பொதிந்து வைத்தார் என்பதே (லூக். 2:7). இடையர்களுக்கு வானதூதர் கொடுத்த அடையாளமும் அதுதான். தேவதாய் அந்தத் துணியை எடுத்து வைத்துக்கொண்டே நாசரேத்திலிருந்து புறப்பட்டிருப்பார் என்று எண்ண இடமுண்டு. பின்பு எகிப்துக்கு ஓடிய இரவில் சூசையப்பரின் தோளில் என்ன பை தொங்கியது என்று மத்தேயு எழுதவில்லை. பிள்ளை பெற்றவர்களுக்கு எழுதித்தான் தெரியவேண்டுமா?

பிள்ளை பசித்த பிறகு பால் தேடுகிறவள் தாயல்ல. பசிக்குமுன்னே போத்தலை எடுத்து வைக்கிறாள். நனையுமுன்னே துணியை மடித்து வைக்கிறாள். நாம் கேட்குமுன்னே நமது தேவைகளைப் பிதா அறிந்திருக்கிறார் என்று யேசு போதித்தாரே (மத். 6:8), அதைத்தான் தேவ பராமரிப்பு என்கிறோம். அதை விளங்கிக்கொள்ளப் பெரிய நூல்கள் வேண்டாம். இந்தப் பை போதும்.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்ப்பு ஞாயிறன்று, இன்னொரு வகைப் பையையும் நாம் கண்டோம். நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி ஆலயத்துக்குள் முதுகிலே பெரிய பையோடு ஒருவன் நுழைந்ததைக் கமெரா காட்டியது. அன்று அங்கும், கொச்சிக்கடையிலும், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும், கொழும்பு ஹோட்டல்களிலுமாக 260க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பிள்ளைகள் பலர். மே 12ஆம் திகதி ஞாயிறு திருப்பலிகள் மீண்டும் தொடங்கியபோது, கைப்பைகளைக் குறைத்துக்கொண்டு வரும்படி நாம் கேட்கப்பட்டோம். ஆனால் கைக்குழந்தையோடு வருகிறவள் எதைக் குறைப்பாள்? ஆயுதம் தாங்கியவர்கள் நின்ற வாசலில் அவள் பையைத் திறந்தால், வெளியே வருவது நப்பியும் பால்போத்தலும். ஒருவன் சாவைச் சுமந்து வந்த ஆலயத்துக்கு, அவள் உயிரைச் சுமந்துகொண்டு திரும்பி வந்தாள். அந்நாட்களில் நமது விசுவாசத்துக்கு அதைவிடப் பெரிய சாட்சியம் ஏது?

மூன்றாவது என்னைப்பற்றியது. 1983 ஆடிக் கலவரத்தின்போது எனக்கு ஒரு வயதும் நிரம்பவில்லை. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குள் கூட்டம் வருகிறதென்று கேட்டதும், அம்மா நகைப்பெட்டியை அலுமாரியிலேயே விட்டுவிட்டு எனது பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாராம். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் எனக்கு ஆறு நப்பியும் ஒரு தகரம் பால்மாவும் இருந்தன. அம்மாவுக்கு உடுத்திருந்த ஒரு சேலைதான். ஐந்து நாள் அதோடு இருந்தார்.

போன வருடம் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. அவருடைய பையை நான் அடுக்கினேன். துவாய், சீப்பு, மூக்குக் கண்ணாடி... அதன்பின் கை நின்றுவிட்டது. இரவிலே அவருக்கு எந்தப் போர்வை வேண்டும்? என்ன குடித்தால் தூக்கம் வரும்? நாற்பது வருடமாக நான் கேட்டதே இல்லை. கட்டிலில் இருந்தபடி அவர்தான், “அது போதும் ராசா, நீ சாப்பிட்டியா?” என்று கேட்டார்.

வாசகர்களே, இந்த ஞாயிறு மூன்று காரியம் செய்வோம். தகப்பன்மாரே, பிள்ளையின் பையை உங்கள் தோளுக்கு மாற்றுங்கள். சூசையப்பருக்கு அது குறைவாக இருந்திருக்காது. முன் வாங்கில் இருப்பவர்களே, திரும்பிப் பார்ப்பதானால், விழுந்த போத்தலை எடுத்துக் கொடுப்பதற்காகத் திரும்புங்கள். வளர்ந்த பிள்ளைகளே, வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் தனித்திருக்கும் எத்தனையோ தாய்மாரின் பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறீர்கள். பணம் அனுப்புகிறீர்கள், நல்லது. இன்றிரவு தொலைபேசியில் அம்மாவுக்கு என்ன வேண்டுமென்று கேளுங்கள். ஒன்றும் வேண்டாம் என்பார். நம்பாதீர்கள், மீண்டும் கேளுங்கள்.

முற்றத்தில் என்னோடு பேசிய அம்மாவுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் பூசை காணவில்லை என்று வருந்தினீர்கள். தன்னை மறந்து பிறருக்காகத் தன்னையே கொடுப்பதைத்தானே ஒவ்வொரு பூசையிலும் பீடத்தில் காண்கிறோம்? அதைக் கடைசி வாங்கில் இருந்து செய்துகொண்டிருந்தவர் நீங்கள். வருகிற ஞாயிறும் வாருங்கள். பையையும் கொண்டு வாருங்கள்.